காரா த்ரேஸ் திரும்பி வந்தது நியாயமா? ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ விவாதம்

செங்கோட்டன்:
கடைசி எபிசோட் வரை எல்லாக் கதையும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் எனக்கு முதலில் பிடித்தது அதிபர் ரோஸ்லினின் வெள்ளைப் பலகை. மனிதர்கள் உருவாக்கி, பிறகு எதிர்த்தெழுந்த இயந்திர இனமான சைலான்கள், மனிதர்கள் வாழ்ந்த பன்னிரண்டு கோள்களையும் அணுகுண்டு போட்டு அழித்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் கப்பல்களில் ஓடுகிறார்கள். உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்று ரோஸ்லின் அந்தப் பலகையில் எழுதி வைப்பார். சாவு விழுந்தால் அழித்துக் குறைப்பார். ‘33’ என்ற முதல் எபிசோடின் கடைசியில் கப்பலில் ஒரு குழந்தை பிறக்கிறது. ஒன்று கூட்டி 47,973 என்று எழுதுகிறார். ஒவ்வொரு சாவுக்கும் கணக்கு வைத்த தொடர் இது.

அப்படிப்பட்ட தொடர் போர் விமானி காரா த்ரேஸ் விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கை ஏன் கைவிட்டது? மூன்றாம் சீசன் ‘மேல்ஸ்ட்ராம்’ எபிசோடில், வேறு யாருக்கும் தென்படாத ஒரு சைலான் கப்பலைத் துரத்திக்கொண்டு வாயுக்கோளின் புயலுக்குள் இறங்குகிறார். சக விமானி லீ அடாமா கண்ணெதிரே அவருடைய வைப்பர் போர் விமானம் வெடித்துச் சிதறுகிறது. லீயின் அப்பா அட்மிரல் அடாமா, தான் ஆசையாகச் செய்துவந்த பாய்மரக் கப்பல் பொம்மையை அடித்து நொறுக்கிவிட்டு உடைந்து அழுகிறார். இது 2007 மார்ச் தொடக்கத்தில். அதே மாதக் கடைசியில், சீசன் முடியும்போது, புத்தம் புது வைப்பரில் காரா வந்து நிற்கிறார். பூமிக்குப் போய்விட்டு வந்தாராம். நான்காம் சீசனில் தன் சடலத்தையே கண்டெடுக்கிறார். 2009-ல் கடைசி எபிசோடில் லீ பேசிக்கொண்டே திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போகிறார். இவர் யார், என்ன, எதுவும் சொல்லவில்லை. எழுதியவர்களுக்கே விடை தெரியாத ஒரு புதிரை இரண்டு வருஷம் எங்களைச் சுமக்க வைத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கயல்விழி:
விடை சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குப் பிடிக்காத விடையைச் சொன்னார்கள். இந்தக் கதையில் கடவுள் என்று ஒன்று உண்டு, அது காரியம் செய்யும். இதைக் கடைசியில் அவசரத்துக்குச் செருகவில்லை. நீங்கள் சொன்ன அதே ‘33’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒலிம்பிக் கேரியர்’ என்ற பயணிகள் கப்பலில் வரும் விஞ்ஞானி வாய் திறந்தால், இன்னொரு விஞ்ஞானி பால்டார் சைலான்களுக்கு உதவிய துரோகம் வெளிவந்துவிடும். பால்டார் மனதில் தோன்றும் சைலான் பெண் சிக்ஸ், கடவுளிடம் மனம் வருந்து என்கிறாள். அவர் வருந்துகிறேன் என்கிறார். அந்தக் கப்பலைச் சுடும் உத்தரவு உடனே வருகிறது. முதல் எபிசோடிலேயே இந்த விதியைப் போட்டுவிட்டார்கள்.

காராவுக்கும் அப்படித்தான். முதல் சீசனிலேயே மனித உருவில் இருக்கும் சைலான் லியோபென் அவருக்கு ஒரு விதி இருக்கிறது என்கிறான். காப்ரிகா கோளில் இருந்த அவருடைய வீட்டுச் சுவரில் அவரே வரைந்த வட்டம், மூன்றாம் சீசனில் வெடிக்கும் நட்சத்திரத்தின் வடிவமாக வருகிறது. அவர் சாகும் புயலிலும் அதே வட்டம்தான். இத்தனை தூரம் அடிபோட்டு வந்ததை எப்படித் திடீர்த் திருப்பம் என்பீர்கள்?

தூமகேது:
கயல், சிக்ஸும் காராவும் ஒன்றல்ல. அந்த சிக்ஸ் பால்டார் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். திரும்பி வந்த காராவை எல்லாரும் பார்க்கிறார்கள், தொடுகிறார்கள், சிறையில் போடுகிறார்கள். சாப்பிடுகிறார், குடிக்கிறார், சுடுகிறார். கடவுள் ஒரு ஆளை அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வைப்பரை யார் செய்தது?

இது விதண்டாவாதக் கேள்வி இல்லை. கதையே அந்த வைப்பரில்தான் நிற்கிறது. பட்டறையில் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு கீறல் கிடையாது. பயணப் பதிவு எதுவுமில்லை. பிறகு அதே வைப்பர்தான் ஒரு சிக்னலைப் பிடித்து எல்லாரையும் பூமி என்ற அந்தக் கோளுக்குக் கூட்டிப்போகிறது. அங்கே இறங்கிப் பார்த்தால், இரண்டாயிரம் வருஷம் முன்பே அணுகுண்டில் வெந்துபோன ஊர். அந்த சிக்னல் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், காராவின் பழைய வைப்பர் நொறுங்கிக் கிடக்கிறது. வேறொரு கோளின் வளிமண்டலத்தில் வெடித்த விமானம் அங்கே எப்படி வந்து விழுந்தது? இதற்குக் ‘கடவுள் செயல்’ என்றால், பிறகு எந்த ஓட்டையையும் அப்படியே அடைத்துவிடலாம்.

பழைய_ரசிகன்:
திரும்பி வருவதில் தப்பில்லை, எப்படி வருகிறார் என்பதுதான் கேள்வி. ‘பாபிலோன் 5’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். மூன்றாம் சீசன் கடைசியில் நாயகன் ஷெரிடன் ஸஹாடூம் என்ற கோளில் அதலபாதாளத்தில் குதிக்கிறார், மேலே அணுகுண்டு வெடிக்கிறது. லோரியன் என்ற ஆதி உயிர் அவரை மீட்கிறது. விஞ்ஞானம் என்று பார்த்தால் அதுவும் மந்திரம்தான். ஆனால் விலையை உடனே சொல்லிவிடுகிறார்கள்: இருபது வருஷம், அதற்கு மேல் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து ஷெரிடன் கல்யாணம் பண்ணும்போதும், போருக்குப் போகும்போதும், அந்த இருபது நம் தலைக்குள் ஓடுகிறது. 1998-ல் வந்த கடைசி எபிசோடில் கணக்கு நேராகிறது. காரா திரும்பி வந்ததற்கு அப்படி ஒரு விலையும் இல்லை.

கயல்விழி:
அந்த எபிசோடில் ஷெரிடனின் உடலும் கிடைக்கவில்லையே! அவரும் ஒளிக்குள் மறைகிறார். அதைக் கொண்டாடுகிறோம், காரா மறைந்தால் மோசடியா?

விலை இல்லை என்கிறீர்கள். காரா தன் சடலத்தைக் காணும், 2009 ஜனவரியில் வந்த எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். காராவும் லியோபெனும் புல்லை விலக்கிக்கொண்டு போகிறார்கள். விமான ஓட்டி இருக்கையில் கருகிய உடல், தலையில் பொன்னிற முடி. கழுத்துத் தகட்டை எடுத்துத் துடைத்துப் படிக்கிறார், தன் பெயர். ‘அப்படியானால் நான் யார்?’ என்று லியோபெனைப் பார்க்கிறார். முதல் சீசனிலிருந்து உனக்கு எல்லாம் தெரியும் என்ற தோரணையில் பேசிவந்தவன், பயந்துபோய்ப் பின்வாங்கி ஓடுகிறான். இருட்டில் தனியாக விறகு அடுக்கித் தன் பிணத்துக்குத் தானே கொள்ளி வைக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஷெரிடனுக்குக் கெடு கிடைத்தது, பக்கத்தில் மனைவி டெலென் இருந்தாள். காராவுக்கு அதுகூடக் கிடையாது. கேட்டி சாக்ஹாஃப் அந்தக் காட்சியில் நடித்ததைப் பார்த்த பிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

செங்கோட்டன்:
நடிப்பில் குறை சொல்லவே இல்லை. ஆனால் அதே எபிசோடில் கப்பல் அதிகாரி டுவாலா என்ன ஆனாள்? பூமி சாம்பல் என்று தெரிந்த அன்று லீயோடு ஒரு மாலை சந்தோஷமாகக் கழிக்கிறாள். அறைக்கு வந்து சக அதிகாரி கேட்டாவிடம் சிரித்துப் பேசுகிறாள். துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொள்கிறாள். முடிந்தது. அவளுக்காக எந்தக் கடவுளும் இறங்கி வரவில்லை. இரண்டு சடலம், ஒரே எபிசோட். ஒன்று நிஜம், இன்னொன்று புதிர்.

சைலான்கள் பக்கமும் பாருங்கள். அவர்கள் செத்தால் வேறு உடலில் எழுந்திருப்பார்கள், அதற்கென்று ஒரு கப்பல் வேண்டும், தூரக் கட்டுப்பாடு உண்டு. கணவன் கையாலேயே விஷம் குடித்துச் செத்த எலன் திரும்பி வந்தபோது நான் முணுமுணுக்கவில்லை. அவள் சைலான், விதி தெரியும். நான்காம் சீசனில் அந்த மறுபிறப்பின் மையமான ‘ஹப்’பையே அழிக்கிறார்கள். இனி சைலானுக்கும் ஒரே சாவு. எவ்வளவு பெரிய முடிவு அது! எல்லாருக்கும் சாவைச் சமமாக்கிய அதே சீசனில், ஒரு மனுஷிக்கு மட்டும் விதிவிலக்கு.

நிலவன்:
தொடரை உருவாக்கிய ரானல்ட் மூர் வேண்டுமென்றேதான் திறந்து விட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். எனவே மறந்துபோன ஓட்டை இல்லை, எடுத்த முடிவு. அது நல்ல முடிவா என்பது வேறு.

‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷ’னில் ‘தாஷா யார்’ என்ற பெயருடைய பாதுகாப்பு அதிகாரியின் சாவு இதற்கு நேர் எதிர். 1988-ல் ஒரு கறுப்புத் தார்க்குட்டை மாதிரியான ஜந்து காரணமே இல்லாமல் அவளைத் தூக்கியடித்துக் கொன்றுபோடும். ரசிகர்கள் ஆற மாட்டாமல் இருந்தார்கள். 1990-ல் மாறிப்போன காலத்தில் ஒரு தாஷா வருகிறாள். இன்னொரு காலத்தில் தான் அர்த்தமில்லாமல் செத்தது அவளுக்குத் தெரியவருகிறது. தெரிந்தே, திரும்ப வழியில்லாத பழைய எண்டர்பிரைஸ் கப்பலில் ஏறிப் போகிறாள். காலம் ஏன் மாறியது, எப்படிச் சரியாகும், எல்லாம் அந்த ஒரே எபிசோடுக்குள்.

தூமகேது:
அதைத்தான் கேட்கிறேன். காராவை எடுத்துவிட்டால் கடைசிக் கதையில் என்ன குறையும்? ஹீரா என்ற குழந்தை புள்ளி புள்ளியாக வரைந்த தாளை வேறு யாராவது எண்ணாக மாற்றியிருக்கலாமே.

கயல்விழி:
முடியாது. அந்தப் புள்ளிகளைப் பாட்டு என்று அடையாளம் கண்டது காரா ஒருத்திதான், ஏனென்றால் சின்ன வயதில் அப்பா பியானோவில் பக்கத்தில் உட்கார வைத்து அந்த மெட்டைச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் கப்பல் உடையப்போகிற நொடியில், அதே சுரங்களை, கப்பல் தாவ வேண்டிய இடத்தின் எண்களாக்கித் தட்டுகிறார், அதுதான் நம் பூமிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு தேவதையை அனுப்பியிருந்தால் அதற்கு இந்த ஞாபகம் எங்கிருந்து வரும்? அப்பா விட்டுப்போன, அம்மாவிடம் அடிவாங்கிய அந்தக் காராவே வந்தாக வேண்டும்.

செங்கோட்டன்:
இதுவரை வந்ததில் பலமான வாதம் இது. ஆனால் என் பக்கத்துக்குத்தான் சேர்கிறது. வந்தது அதே காரா என்றால் ஏன் கரைய வேண்டும்? ரோஸ்லினுக்குப் புற்றுநோய் என்று கதை தொடங்கும்போதே சொன்னார்கள், கடைசி மணி நேரத்தில் அடாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதே நோயில் போகிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய சாவு. காராவும் அந்த மண்ணில் ஒரு மனுஷியாக வாழ்ந்து சாகட்டுமே.

கயல்விழி:
வாழவிட்டால் எரித்த பிணம் யாருடையது? பால்டார் கழுத்துத் தகட்டில் இருந்த ரத்தத்தைச் சோதித்து அவருடையதே என்று ஊரறியச் சொல்லிவிட்டாரே. செத்தவர் என்று நிரூபித்த பிறகு குடித்தனம் நடத்த விட்டால்தான் மோசடி. வேலை முடிந்தது, போனார். எனக்கு அது போதும்.

செங்கோட்டன்:
அந்தப் பிணத்தைக் கதைக்குள் கொண்டு வந்திருக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி. புயலுக்குள் வைப்பர் வெடித்ததோடு விட்டிருந்தால், அவர் எப்படியோ தப்பினார் என்று நம்ப இடம் இருந்திருக்கும். உடலைக் காட்டி, ரத்தத்தையும் சோதித்து, எல்லாக் கதவையும் அவர்களே சாத்தினார்கள். சாத்திய கதவுக்குள்ளிருந்து வெளியே வர மறைவதைத் தவிர வழியில்லாமல் போனது.