பழைய வண்டியை கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்தபோது சந்தித்த ஆட்கள்

நாகமலை புதுக்கோட்டைக்காரன்:

வீட்டுத் தாழ்வாரத்திலேயே வைத்து ஒரு ஜாவா 250-ஐ முழுக்கப் பிரித்து மாட்டியாயிற்று. மைசூரில் செய்த வண்டி. 1973-ல் பெயர் யெஸ்டி என்று மாறியதே, அதற்கு முந்தையது. சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் உரமூட்டைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. எந்த நட்டை எப்படிக் கழற்றுவது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த வேலையில் கிடைத்த மனிதர்களைப் பற்றி.

முதலில் மெக்கானிக் அய்யா. எழுபது தாண்டியவர், கடையை மகனிடம் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தவர் காபிகூடக் குடிக்காமல் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். இன்ஜின் இடப்பக்க மூடியை விரலால் தட்டி, "தம்பி, இது யெஸ்டி மூடி. இன்ஜின் ஜாவா, சட்டை மட்டும் மாத்தியிருக்கான்" என்றார். அதில் வார்த்திருந்த எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்தான். ஆனால் நான் அத்தனை நாள் பார்த்தும் எனக்குப் படவில்லை. அவரே தன் பரணிலிருந்து ஒரு ஜாவா மூடியை எடுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார், யெஸ்டி மூடியை மட்டும் வாங்கிக்கொண்டார். கேட்டு வர ஆள் இருக்கிறதாம்.

கலர் விஷயத்திலும் அவர்தான் வழி காட்டினார். வெளியே தெரிந்த சிவப்பு எவனோ பின்னால் அடித்தது. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, ஃபிரேம் மேல் உட்காரும் அடிப்பள்ளத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். வெயிலே படாத இடம். கிரீஸும் மண்ணும் உருண்டு வந்த பிறகு உள்ளங்கை அகலத்துக்கு நல்ல அரக்கு நிறம் தெரிந்தது. டேங்கோடு பெயின்ட் கடைக்குப் போனேன். மெஷின் கலந்து கொடுத்தது கொஞ்சம் ஜாஸ்தி சிவப்பு. கடைப் பையன் குச்சி நுனியில் கறுப்பைத் தொட்டுக் கலக்கி, தகரத்தில் தடவிக் காயவைத்துப் பார்த்து, திரும்பக் கலக்கினான். அந்தக் கண்ணுக்கு எந்த மெஷினும் ஈடில்லை. அதற்குள் சித்திரைத் திருவிழா வந்து, அழகர் மலையேறும் வரை பெயின்ட் அடிக்கிறவர் கைக்கே சிக்கவில்லை. அதைக் குறை சொல்ல முடியுமா!

குரோம் பட்டறையில்தான் சண்டை. டேங்க் பக்கவாட்டு, ரிம், சைலன்சர், இவ்வளவுதான் குரோம் வேண்டும் என்றேன். "போல்ட்டு, செயின் கவர் எல்லாத்தையும் கொடுங்கண்ணே, ஒரே அடியா மின்னும்" என்று நின்றார் பட்டறைக்காரர். போல்ட்டுக்கு அந்தக் காலத்தில் வெறும் துத்தநாகப் பூச்சு, மங்கலாகத்தான் இருக்கும். இன்ஜினின் அடி உடலான கிராங்க் கேஸும் அப்படித்தான். பக்க மூடிகளுக்கு மட்டும் பாலிஷ், மற்றதெல்லாம் வார்த்த அலுமினியம் சாம்பல் பூத்த மாதிரியே இருக்க வேண்டும். புதிதாக வந்த அன்று இல்லாத மினுக்கத்தை இப்போது ஏற்றினால் அது கல்யாண மேக்கப். இன்னொன்று, பஃபிங் சக்கரத்தில் கொஞ்சம் அழுத்தினாலும் வார்ப்பெழுத்தின் முனை மழுங்கிவிடும். பக்கத்தில் நின்று வாங்குங்கள்.

இன்ஜினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து (போர் போடுவது என்பார்கள்) ஓவர்சைஸ் பிஸ்டன், புது கனெக்டிங் ராடு. ஸ்டார்ட் ஆனதும் தெருவே தெரியாத அளவு வெள்ளைப் புகை. சைலன்சரில் தேங்கிய பழைய எண்ணெய் எரிகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அய்யா கியர் ஆயிலை வடித்து அளந்து பார்த்தார், குறைந்திருந்தது. கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் வழியாக இன்ஜின் அதை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. சீல் மாற்றினோம், புகை அடங்கியது.

கடைசியாக டேங்கில் பொன்னிறக் கோடு. ஸ்டிக்கர் கடைகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. எனக்கு மனசு ஒப்பவில்லை. செல்லூரில் ஒரு பெரியவர், முன்பு கடை போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷைக் கட்டி வைத்தவர். நீள முடிப் பிரஷ்ஷை இனாமலில் தோய்த்து, பழைய அட்டையில் இரண்டு முறை இழுத்து ஈரம் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை டேங்க் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடந்தார். கை நகரவில்லை, ஆள்தான் நகர்ந்தார். வளைவில் கோடு ஒரு நூல் தடித்துவிட்டது. "அழிச்சிட்டு இன்னொரு தடவ இழுக்கட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருமங்கலம் புல்லட்:

அழிக்காமல் விட்டதுதான் சரி. புல்லட் டேங்குக்கு திருவொற்றியூர் ஃபாக்டரியில் கையால்தான் கோடு இழுத்தார்கள். இரண்டு டேங்க் ஒன்று போல இருக்காது.

என் அனுபவம் ஒரு டீக்கடையில். பழைய புல்லட் 350, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதை இடப்பக்கம் மாற்றிக்கொள்ளச் சொல்லாத ஆளில்லை. அன்றைக்கு வண்டி உதைத்து உதைத்து ஸ்டார்ட் ஆகாமல் சட்டை நனைந்துவிட்டது. ரிட்டயர்டான பஸ் டிரைவர் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "அம்மீட்டர் எதுக்குய்யா வச்சிருக்கான்?" என்று கரண்ட் ஓட்டம் காட்டும் அந்த மீட்டரைப் பார்த்தபடியே கிக்கரை மெல்ல அமுக்கினார். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, சிலிண்டரில் அடைபட்ட காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து இம்மியளவு தாண்டவிட்டார். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. முன் ஓனர் ஓடாத அம்மீட்டரை மாட்டியிருந்தால் இந்த வித்தையெல்லாம் நடக்காது. ஒரிஜினல் சாமான் அழகுக்கு மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மேலூர் வாசகி:

எங்களுடையது அப்பாவின் ராஜ்தூத் 175. போலந்து நாட்டு வண்டியின் வழியில் எஸ்கார்ட்ஸ் செய்தது. ஊரில் பால்கார வண்டி என்றுதான் பேர். டேங்க் உள்ளே ஒரே துரு. ஆசிட் ஊற்றலாம் என்றார்கள். தகடு ஏற்கெனவே மெலிந்திருந்ததால் எனக்குப் பயம். அத்தைதான், "வெங்கலப் பானைக்குப் புளி போடுறோம்ல, இதுக்கும் போடு" என்றார். பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, பெட்ரோல் குழாயைக் கழற்றி ஓட்டையை அடைத்து, டேங்க் நிறைய ஊற்றி ஊறவைத்தோம். பாதியில் வடித்துவிட்டு, ஒரு கை பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். எண்ணி உள்ளே போட்டு எண்ணி வெளியே எடுங்கள், ஒன்று உள்ளேயே தங்கினால் பிறகு லொட லொட என்று உயிரை வாங்கும். கறுப்புத் தண்ணீராகக் கொட்டியது. அப்புறம் சோடா உப்புத் தண்ணீரில் அலசி உடனே சூடு காட்டிக் காயவைக்க வேண்டும். சும்மா விட்டால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு படர்ந்துவிடும். காய்ந்த கையோடு டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டிவிட்டோம்.

ஒத்தக்கடை தம்பி:

அக்கா, புளி அருமை. சின்னச் சாமானுக்கு நான் சோடா உப்புத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்துத் துரு எடுக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் தகடு வைக்காதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் தண்ணீரில் விஷமாக இறங்கும். சாதா இரும்புத் தகடு போதும்.

வண்டிப் பேப்பர் வேலை பார்ப்பவன்:

எல்லாரும் இன்ஜினைப் பேசுகிறீர்கள், ஆர்சியை யாரும் பேசவில்லை. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, ஒரிஜினல் நிலையில் இருக்கும் வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்தது. 'விஏ' எழுத்து வரும் நம்பர், 10 வருஷத்துக்குச் செல்லும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை தினசரி கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். நாகமலை அண்ணன் ஜாவாவில் தினம் மாட்டுத்தாவணி வரை போய்வர நினைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், சாதாரண ஆர்சியை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் போதும். பெயின்ட் அடிக்கும்போது சேசிஸ் நம்பர் மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பட்டி வைத்து மூடிவிட்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் உப்புத்தாளால் சுரண்டிக்கொண்டு நிற்கிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன்.