ரெஸ்யூம் குவியலில் இன்னும் கண்ணை உறுத்தும் ஒன்று: பகிருங்கள்

கணக்குப்பிள்ளை:
பனியன் கம்பெனி அக்கவுண்டன்ட் வேலைக்கு வந்த பிடிஎஃப். கேன்வா டிசைன், இரண்டு பத்தி. இடப்பக்கம் திறமை, பொழுதுபோக்கு, வலப்பக்கம் அனுபவம். பார்க்க ஜோர்தான். ரெஸ்யூமை வாசித்துக் கட்டங்களை நிரப்பும் எங்கள் சாஃப்ட்வேர் அதைக் குறுக்கே வாசித்துத் தொலைத்தது. 'தற்போதைய நிறுவனம்' என்ற கட்டத்தில் 'கேரம்' உட்கார்ந்திருந்தது! வேர்டு ஹெடரில் போன் நம்பர் போட்டாலும் ஆபத்து. சில சாஃப்ட்வேர் அந்தப் பக்கமே போகாது. பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குழம்பினால் சாஃப்ட்வேரிலும் குழம்பும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம்.

எழுத்தாணி:
ஒற்றைப் பத்தியிலும் கவிழலாம். பிழைதிருத்துநர் வேலைக்கு வந்தது அது, தமிழ்ப் பகுதி முழுக்க பாமினி, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகத் தெரியும், மீதி ஆங்கில எழுத்துக் குப்பை. பிழைதிருத்துநர் விண்ணப்பம் அந்த லட்சணத்தில்! யூனிகோடுக்கு மாற்றியபின் 'கொ', 'கோ' வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். கொம்பு சில நேரம் இடம் மாறி நிற்கும்.

வடிகட்டி:
கணக்குப்பிள்ளை அண்ணே, ஆளைக் கழிப்பது டிசைன் இல்லை, ஃபில்டர். நேற்று நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ஒரு ப்ரொஃபைல்: தலைப்பில் 'உடனே சேரலாம்', நோட்டீஸ் பீரியட் கட்டத்தில் 3 மாதம். ரெக்ரூட்டர் 15 நாள் என்று தேடினால் தலைப்பை யார் பார்க்கிறார்கள்? கட்டத்தில் இருப்பதுதான் கணக்கு. ராஜினாமா கொடுத்தாயிற்றா, 'சர்விங் நோட்டீஸ்' தேர்ந்தெடுத்துக் கடைசி வேலைநாளைப் போடுங்கள். ஊரும் அப்படித்தான், கோவைக்கு வரத் தயார் என்றால் விருப்ப ஊர்களில் கோவை இருக்க வேண்டும். கடைசியாக எப்போது ஆக்டிவ் என்றும் வடிகட்டுவார்கள், அதனால் வேலை தேடும் காலத்தில் அடிக்கடி லாகின் செய்யுங்கள். தலைப்பில் 'கடின உழைப்பாளி' வேண்டாம், அப்படி யாரும் தேடுவதில்லை. அக்கவுண்டன்ட் என்றால் 'ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், 2பி ஒப்பீடு, டேலி பிரைம், 4 ஆண்டு' என்று போடுங்கள். தேடும் ஆள் சுருக்கமாகவும் அடிப்பார், முழுசாகவும் அடிப்பார். டிடிஎஸ் என்று ஒரு இடத்தில், 'டாக்ஸ் டிடக்டட் அட் சோர்ஸ்' என்ற முழுப்பெயர் இன்னொரு இடத்தில். ஃபைல் 2 எம்பிக்குள், பெயரும் வேலையும் ஃபைல் பெயரில். 'ஃபைனல் நியூ 3' வேண்டவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
கட்டத்தில் கேரம் இருந்தால் உங்கள் ஃபில்டரில் என்ன தம்பி சிக்கும்?

வடிகட்டி:
நௌக்ரியில் கட்டத்தைக் கையாலேயே திருத்தலாம் அண்ணே. கம்பெனிகளின் சொந்த கரியர் பக்கத்தில்தான் சிக்கல். ரெஸ்யூமை ஏற்றியதும் அதுவே கட்டங்களை நிரப்பும், பாதிப் பேர் பார்க்காமலே 'நெக்ஸ்ட்' அமுக்குகிறார்கள்.

சல்லடை:
சாஃப்ட்வேர் தேடும் சொற்கள் சிக்கட்டும் என்று, வேலை விளம்பரத்தையே கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் ரெஸ்யூம் அடியில் ஒட்டி அனுப்பிய ஒருவர். வெறும் எழுத்தாகப் பிரித்த பக்கத்தில் வெள்ளையாவது கறுப்பாவது. 'விண்ணப்பதாரர் கட்டாயம் இருசக்கர வாகனம் வைத்திருக்க வேண்டும்' வரை அப்படியே வந்திருந்தது.