தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அமெரிக்கா போய் மாலிக்யூலர் பயாலஜி சேர்ந்தவர்களுக்கு

கேள்வி – காரிமங்கலம்:
மகள் பியூர் சயின்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்து, அங்கே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மாலிக்யூலர் பயாலஜி சேர்ந்திருக்கிறாள். சேப்பல் என்ற வழிபாட்டுக் கூட்டம் கட்டாயமாம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. வேறு எதில் கவனம் வேண்டும்?

ஊத்தங்கரை:
சேப்பலுக்குக் கவலைப்படாதீங்க அண்ணா. போய் உட்கார்ந்தால் போதும். ஐ.டி. கார்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் இடங்களில், மறந்தால் போயும் போகாத கணக்குதான். பைபிள் பாடமும் டிகிரி கிரெடிட்டில் சேரும். வாசிப்பும் கட்டுரையும் நிறைய. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கும் செமஸ்டரில் அதைப் போட வேண்டாம். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் அட்வென்டிஸ்ட் சபையின் கல்லூரி என்றால் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை வகுப்பே கிடையாது. மிச்சிகனில் உள்ள ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் மாதிரி அட்வென்டிஸ்ட் இடங்களில் கேன்டீன் சாப்பாடும் சைவம்.

பாப்பாவை மடக்கப்போவது கணக்கு. பியூர் சயின்ஸில் பத்தாம் வகுப்போடேயே கணக்கு நின்றுவிடுகிறது. அங்கே பயாலஜிக்கும் பெரும்பாலும் கால்குலஸ் கேட்பார்கள். எந்தக் கணக்கு வகுப்பு என்று முடிவு செய்யும் பிளேஸ்மென்ட் டெஸ்டில் ஊகித்து டிக் அடித்து மேல் வகுப்புக்குப் போகக் கூடாது. முதல் செமஸ்டரில் கால்குலஸுக்கு முந்திய ப்ரீ-கால்குலஸ் எடுக்கட்டும். லாக் (மடக்கை) தெரியாமல், அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். கணக்கு வராது. பாடம் கஷ்டம் என்று பாதியில் விட்டு, ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் எஃப்-1 என்ற மாணவர் விசா நிலைக்கே ஆபத்து. சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்ட பிறகே எதையும் விடணும்.

ஓசூர்:
லேப் பற்றிச் சொல்கிறேன். நம்ம ஊர் ரெக்கார்டு நோட்டுப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகணும். அழகாகப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்பது அங்கே குற்றம். எடை, அளவு, வெப்பம் எல்லாம் அந்த நிமிஷமே பேனாவில். தப்பென்றால் ஒரே கோடு, வைட்னர் கிடையாது, பக்கம் கிழிக்கக் கூடாது. கைடு வரியை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் இங்கே சென்டம், அங்கே கருத்துத் திருட்டு.

துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டில் இரண்டு அழுத்தம். உறிஞ்ச முதல் நிறுத்தம், வெளியே விட இரண்டாவது. இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிப்போகும், டி.என்.ஏ.வைப் பல நகல் எடுக்கும் பி.சி.ஆர். ஏன் வரவில்லை என்று வாரம் முழுக்கத் தேடணும். அந்த நகலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டான பிரைமரை 100 மைக்ரோமோலார் செறிவிலிருந்து 10 ஆக்க, 10 மைக்ரோலிட்டருடன் 90 மைக்ரோலிட்டர் தண்ணீர். டி.என்.ஏ. போடாத ஒரு குழாயும் கூடவே ஓடணும். அதிலும் பேண்ட் (ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. கோடு) தெரிந்தால் கலப்படம்.

டி.என்.ஏ.வை மின்சாரத்தில் ஓட்டிப் பிரிக்கும் ஜெல்லுக்கு 50 மி.லி. பஃபரில் 0.5 கிராம் அகரோஸ். 50 எக்ஸ், அதாவது 50 மடங்கு செறிவான, டி.ஏ.இ. பஃபரை நீர்க்காமல் ஊற்றினால் சூடேறி ஜெல் உருகும். வெறும் தண்ணீர் ஊற்றினால் டி.என்.ஏ. நகராது. சாம்பிள் ஊற்றும் குழி (வெல்) கறுப்பு வயர் பக்கம், ஓட்டம் சிவப்பை நோக்கி. வயர் மாறினால் சாம்பிள் பின்பக்கமாக ஓடிவிடும்.

கேள்வி – காரிமங்கலம்:
பரிணாமப் பாடம் நடத்துவார்களா தம்பி? பின்னால் டாக்டருக்குப் படிக்கப் போகலாமா?

பாலக்கோடு:
பெரும்பாலான இடங்களில் மற்ற கல்லூரிகளைப் போலவே நடத்துகிறார்கள். ஆறு நாள் படைப்பை அப்படியே ஏற்கும் கல்லூரிகளும் உண்டு. கல்லூரி தன் நம்பிக்கைகளைச் சொல்லும் விசுவாச அறிக்கையைப் படித்தாலே தெரிந்துவிடும். 2003-இல் முடிந்த மனித ஜீனோம் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர்தான்.

டாக்டர் ஆசையை இப்போதே பேசிவிடுங்க. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவரை எடுப்பவை கொஞ்சம்தான். இங்கே திரும்பி எம்.பி.பி.எஸ். என்றால் நீட் எழுதியே ஆகணும்.

அதைவிட ஆராய்ச்சி நல்ல வழி. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் கோடைக்கால ஆராய்ச்சி இடங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும். அதில் விண்ணப்பித்து நாளை வீணாக்க வேண்டாம். லேபில் இடம் கேட்டு சொந்தக் கல்லூரி பேராசிரியருக்கே ஜனவரியில் மெயில் போடட்டும். கேம்பஸ் வேலை வகுப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான், விடுமுறையில் கூடுதலாகச் செய்யலாம். மெயிலில் ‘சிறு வயதிலிருந்தே ஆர்வம்’ என்ற வரி வேண்டாம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, பட்டுப்புழுவைத் தாக்கும் பெப்ரின் நோய், அதை உண்டாக்கும் நோசிமா கிருமியை பி.சி.ஆரில் பிடிப்பது – இதை நாலு வரியில் எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.