வளைவு வேண்டாம், வரத்துக்காலை வெட்டுவோம்

சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வைகை செத்துவிட்டது, கண்மாய்க்குச் செலவழிப்பது வீண், அந்தப் பணத்தில் ஊர் எல்லையில் வளைவு கட்டலாம் என்று சென்ற மடலில் தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வருடம் முழுவதும் ஓடினால்தான் ஆறா?

வைகை பிறக்கும் வருசநாட்டு மலை மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் இங்கே தெளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை பிடித்தால்தான் ஆற்றுக்கு உயிர். 1895-இல் பெரியாறு அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் வந்தபின், அந்தப் பக்கத்துத் தண்ணீரும் சுருளியாறு வழியாக வந்து சேர்கிறது. 1959-இல் வைகை அணை வந்தது. அதையும் விரகனூர், பார்த்திபனூர் மதகணைகளையும் தாண்டி நம்மிடம் வருவது சில நாள் வெள்ளம்தான்.

அந்தச் சில நாளை ஒரு வெள்ளாமைக்கு நீட்டத் தெரிந்தவர்கள் நம் முன்னோர். ஆற்றிலிருந்து வரத்துக்கால், வரத்துக்காலிலிருந்து கண்மாய், அது நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய். இப்படி வழியெல்லாம் கொடுத்துவிட்டு, மீந்தது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடையும். அதுவும் பெருகினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர் அருகே கடலைத் தொடும்.

இங்கே மஸ்கட்டில், ஹஜர் மலையில் மழை இறங்கினால், காய்ந்து கிடக்கும் 'வாடி' என்கிற காட்டாற்றில் வெள்ளம் புரண்டு சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதை மறித்து நிலத்துக்குள் இறக்கவே 1985-இல் அல் கூத் அணையைக் கட்டினார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நம் கண்மாய்க்கரைதான் நினைவுக்கு வருகிறது.

போன மார்கழியில் ஊருக்கு வந்திருந்தேன். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். நம் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டி, தலைமதகில் மண் மேவி, ஒரு சொட்டும் ஏறவில்லை. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீருக்கு நாம்தான் வழி விடவில்லை.

வளைவுக்கு ஒதுக்கிய தொகையை வரத்துக்காலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தூர்வார ஊராட்சி வழியாக முறைப்படி அனுமதி கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணன்மார் யாராவது அதை முன்னின்று செய்யுங்கள். கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும்; இல்லையென்றால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். புரட்டாசிக்குள் முடித்தால் ஐப்பசித் தண்ணீரைப் பிடித்துவிடலாம். என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தை இந்த வாரமே அனுப்புகிறேன்.