தோழிகளோடு ஹோட்டல், கடை என்று போவது வெட்டிச் செலவா?

உச்சிப்புளிப் பொண்ணு
வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா வந்தவர், "மாசா மாசம் கூட்டாளிகளோட ஹோட்டலு, ஜவுளிக்கடைன்னு சுத்துறியாமே, பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" என்று ஆரம்பித்தார். அம்மா வாயே திறக்கவில்லை.

நான் ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 13,000. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் கூடுவோம். ஒருத்தி மண்டபம், ஒருத்தி பெரியபட்டினம், ஒருத்தி தேவிபட்டினம். அரண்மனைப் பக்கம், சாலைத் தெரு என்று கடை கடையாக ஏறி இறங்குவோம், மதியம் ஹோட்டலில் சாப்பிடுவோம். சில மாதம் கடைக்குப் பதில் அரியமான் கடற்கரை. பாட்டு, ஓவியம் எதுவும் எனக்கு வராது. பிடித்தது இதுதான். தப்பு என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்
தங்கச்சி, தப்பு என்று சொல்லவில்லை. கணக்கு கேட்கிறேன். நான் சவூதியில் ஏசி மெக்கானிக். இங்கே வெளியில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்றால், அந்த ரியாலை ஊர்க்காசாக மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். பாதி நாள் நுழையாமலே திரும்பியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு தடவைக்கு ஆயிரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 12,000. இப்போதைய விலைக்குப் பெரிய நகை வராதுதான், ஆனாலும் வாங்கியது கையில் நிற்கும். சாப்பிட்டது நிற்குமா?

உச்சிப்புளிப் பொண்ணு
அண்ணே, கணக்கு என் தொழில். கடைசியாகப் போனபோது வந்த பில் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. சிக்கன் பிரியாணி இரண்டு 400, அதை நாலாகப் பிரித்தோம். பன்னீர் பட்டர் மசாலா 220. பரோட்டா ஆறு 120. லைம் சோடா நாலு 160. வரியோடு 945, சப்ளையர் அண்ணனுக்கு 15. தலைக்கு 240. வீட்டில் தினமும் மீன் குழம்பு என்பதால் ஹோட்டலில் யாரும் மீன் பக்கமே போவதில்லை. "கடல் தண்ணி குடிச்சு வளர்ந்த பிள்ளைக, பன்னீருக்கு அலையுதுக" என்று அந்த அண்ணனே கிண்டல் செய்வார்.

அப்புறம் ஒரு லெக்கின்ஸ் 250, கிளிப், வளையல் என்று 60. ஆக 550. பஸ்ஸுக்குச் செலவு இல்லை, 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் கிடையாது. சம்பளத்தில் வீட்டுக்கு 6,000, நகைச் சீட்டு 2,000, தபால் ஆபீஸ் ஆர்.டி. 1,000 போய்விடுகிறது. மிச்சத்தில்தான் இந்த 550. இப்போது சொல்லுங்கள்.

பாம்பன்காரர்
மகளே, காசை விடு. எங்கள் காலத்தில் பெண்கள் வெளியே கிளம்பினால் ஒரு காரியம் இருக்கும். ராமேசுவரம் கோவில், ஏர்வாடி தர்கா, சந்தை, ஆஸ்பத்திரி. காரியம் முடிந்ததும் வீடு. வெறுமனே போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு ஹோட்டல் என்பது எனக்குப் புரியவில்லை. அரியமானில் பொழுது சாயும் வரை உட்கார்ந்துவிட்டு எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்கிறீர்கள்? பெரியப்பா கேட்டது அதுவாக இருக்கும்.

கீழக்கரை லாத்தா
அண்ணே, தம்பி காசு என்று கேட்டார், பிள்ளை பைசா சுத்தமாக ஒப்பித்தாள். உடனே நீங்கள் நேரம் என்று வண்டியைத் திருப்புகிறீர்கள். நேரத்துக்கும் பதில் சொன்னால் அடுத்து என்ன, உடுப்பா?

காரியத்தோடு போனார்கள் என்கிறீர்களே, அந்தக் காரியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு எங்கள் உம்மா, மாமிமார் கூட்டமாகப் போவார்கள். தர்காவில் துவா கேட்ட கையோடு வளையல் கடை, மிட்டாய்க் கடை, பீங்கான் கடை. உம்மா அங்கே வாங்கிய கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, விருந்தாளி வந்தால்கூட வெளியே எடுக்க விடமாட்டார். உத்தரகோசமங்கையில் மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசரைச் சந்தனம் களைந்து பார்க்கப் போகிற கூட்டத்திலும், எத்தனை பெண்கள் கடை வீதி பார்க்காமல் பஸ் ஏறுகிறார்கள்? திருவிழாவின் பேரைச் சொல்லிப் போனார்கள். இந்தப் பிள்ளைகள் பேர் சொல்லாமல் போகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. எந்த ஊர் டீக்கடையிலும் ஒரு கிளாஸ் டீயை வைத்துக்கொண்டு பேப்பரின் எல்லாப் பக்கத்தையும் படித்து முடிக்கிற ஆண்களைப் பார்க்கலாம். அவர்களிடம் யார் போய்க் காரியம் கேட்டது? அந்தப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நீங்கள் பார்த்ததுண்டா?

பாம்பன்காரர்
டீக்கடையைச் சும்மா சொல்லாதீர்கள். காற்று அதிகம் என்று கடலுக்குப் போக மீன்துறையில் டோக்கன் கொடுக்காத நாளில் எங்கள் ஆட்கள் அங்கேதான் உட்காருவார்கள். எந்தப் படகில் ஆள் குறைகிறது, யார் முன்பணம் தருகிறார், இறாலுக்கு என்ன விலை போகிறது என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரியும். அது ஒரு தொழில் இடம்.

நேரத்தைப் பற்றி நான் கேட்டதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் போகிற ரோடுகளில் பாதி இடத்தில் விளக்கு எரியாது. எனக்கும் பேத்தி இருக்கிறாள்.

உச்சிப்புளிப் பொண்ணு
ஐயா, பெஞ்சு தொழில் இடம் என்றால் எங்கள் மேஜையும் அதுதான். மண்டபத்துக்காரிக்கு இப்போதைய வேலை அந்த மேஜையில் பேசும்போதுதான் தெரியவந்தது. வேலை போட்ட ஆள் பெரியபட்டினத்துக்காரியின் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்.

ஆனால் டீக்கடைபோல எங்களை அங்கே உட்காரவா விடுகிறார்கள்? நாலு பெண்களாக நுழைந்தாலே கல்லாவிலிருந்து, "ஃபேமிலியா? மேல போங்க" என்று கை மாடியைக் காட்டும். கீழே மேஜை காலி, ஃபேன் சுற்றுகிறது. மேலே ஏசி, அதே பிரியாணிக்கு இருபது ரூபாய் கூடுதல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் மேஜையைத் துடைத்து, சோம்புத் தட்டில் பில்லைச் சொருகி, பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். பேச வேண்டியதையெல்லாம் லைம் சோடா தீர்வதற்குள் பேசியாக வேண்டும். அதனால்தான் சோடா கடைசியில் வரும், உறிஞ்சுவதும் மெதுவாக.

சாலைத்தெரு ஜவுளி
கடைக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. நாலு பெண்கள் சேர்ந்து படியேறினால் எங்கள் கடைப் பையன்களுக்கு வயிறு கலங்கும். முப்பது சுடிதாரைப் பிரித்துப் போடச் சொல்வார்கள். தையலைத் திருப்பிப் பார்ப்பார்கள், ட்யூப் லைட்டை நம்பாமல் துணியை வாசலுக்கே தூக்கிக்கொண்டு போய் நிறம் பார்ப்பார்கள். ஒருத்தி போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவாள். அம்மா பதில் போடும் வரை எங்கள் ஆள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கடைசியில், "யோசிச்சுட்டு வர்றோம் அண்ணே."

ஆனால் தம்பி தொண்டி, இப்படிப் பார்த்து வாங்கியவள் ஏமாந்து நான் கண்டதில்லை. செல்லில் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்று பக்கத்து டெய்லரிடம் வருகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, கடலோரத்திலிருந்து ஆள் வருவது குறைந்துவிடும். அந்த நாட்களில் லெக்கின்ஸ், துப்பட்டா என்று வந்து போகிற சம்பளக்காரப் பெண்களை வைத்துத்தான் என் கடையில் விற்கிற பெண்களுக்குச் சம்பளம் போடுகிறேன். நீங்கள் வெட்டி என்கிற செலவு இன்னொரு வீட்டு அரிசி.

சின்னப்பாலம் பாசி
எல்லாரும் பேசட்டும் என்று இருந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒட்டவில்லை.

என் அம்மா கடலில் பாசி எடுத்து விற்கிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரலுக்கெல்லாம் துணி சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்க வேண்டும். துணி சுற்றியும் விரல் கீறும். அந்த விரலால் ராத்திரி சோற்றைப் பிசையும்போது எரிச்சல் தாங்காமல் கரண்டியால் சாப்பிடுவார்.

அந்தக் காசில்தான் நான் கல்லூரி போனேன். எங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. "எனக்குப் பசிக்கலடி" என்று சொல்லிவிட்டுச் சோடா மட்டும் குடிக்கிறவள் நான்தான். பில் வந்ததும் ஒருத்தி செல்லை எடுத்து நாலால் வகுப்பாள். சோடா குடித்துவிட்டு பிரியாணிக்குக் காசு கொடுத்திருக்கிறேன். கடையிலும் அப்படித்தான். எல்லாரும் ஒரே மாதிரி கம்மல் எடுக்கலாம் என்பார்கள், எனக்குக் காதில் புண் என்று சொல்வேன். இதைப் பற்றி இங்கே ஒருவர்கூடப் பேசவில்லை.

தொண்டிக்காரன்
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

சின்னப்பாலம் பாசி
இல்லை அண்ணே, நீங்கள் சொல்வது வேறு. நீங்கள் போகாதே என்கிறீர்கள். நான் போக ஆசைப்பட்டவள்.

உச்சிப்புளிப் பொண்ணு
அக்கா, மண்டபத்துக்காரி வீட்டில் விசைப்படகு வேலைதான். தடைக்காலத்துக்கு அரசு தருகிற 8,000 ரூபாயில் ஒரு வீடு இரண்டு மாதம் ஓட வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்த மாதங்களில் ஹோட்டல் கிடையாது. ஆளுக்கொரு டப்பா கட்டிக்கொண்டு அரியமான் சவுக்குத் தோப்பில் உட்காருவோம். புளியோதரை, முட்டை, பெரியபட்டினத்துக்காரி வீட்டு இடியாப்பம். மற்ற நாளிலும் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் காசு.

சின்னப்பாலம் பாசி
மேலே தலைக்கு 240 என்று நாலால் வகுத்திருக்கிறாயே?

உச்சிப்புளிப் பொண்ணு
அன்றைக்கு எல்லாவற்றையும் நாலாகப் பிரித்துத்தான் சாப்பிட்டோம் அக்கா. இரண்டு பிரியாணி நாலு தட்டில்.

சின்னப்பாலம் பாசி
பிரித்துச் சாப்பிடலாம் என்று முதலில் சொன்னது யார்? காசில்லாதவள் சொன்னால் அவளுக்காக மற்றவர்கள் இறங்கி வந்ததாக ஆகிவிடும். காசுள்ளவள் சொன்னால் அது வேறு.

உச்சிப்புளிப் பொண்ணு
பெரியபட்டினத்துக்காரி. அவள் அண்ணன் துபாயில் இருக்கிறார், எங்களில் வசதி அவள்தான். "முழுசா தின்னா எனக்குத் தூக்கம் வரும்டி" என்பாள்.

சின்னப்பாலம் பாசி
அப்போ சரி. அந்தப் பிள்ளையை விட்டுவிடாதே.

நடத்துநர்
இடையில் ஒருவரையொருவர் சாதி சொல்லித் திட்டிய பதிவுகள் நீக்கப்பட்டன. பேச்சு பிரியாணியோடு இருக்கட்டும்.

கீழக்கரை லாத்தா
தம்பி தொண்டி, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஊரில் தங்கச்சி இருந்தால் அவளுக்குக் கைச்செலவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

தொண்டிக்காரன்
இருக்கிறாள். கேட்டால் கொடுப்பேன் லாத்தா. இதுவரை இல்லை என்று சொன்னதில்லை.

கீழக்கரை லாத்தா
கேட்டால்! அங்கேதான் இருக்கிறது விஷயம். எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும், மிச்சம் எங்கே என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில். பேங்குக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது, கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் நாங்கள்தான். அதற்கெல்லாம் எத்தனை மணிக்கு வந்தாய் என்று யாரும் கேட்டதில்லை. அதே கால் ஐஸ்கிரீம் கடைப் படியேறினால் மட்டும் எல்லோருக்கும் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பிள்ளை யாரிடமும் கேட்காமல் தன் காசை எடுத்துச் செலவழிக்கிறாள். பெரியப்பாவுக்கு உறுத்துவது அந்த 550 இல்லை.

தொண்டிக்காரன்
பெரியப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் காசைப் பற்றித்தான் பேசினேன், இப்போதும் அதையே சொல்கிறேன். வருஷத்துக்கு 6,600 சின்னத் தொகை இல்லை. சேர்த்து வைத்திருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும். தங்கச்சி ஆர்.டி.யை ஆயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டு எங்கே வேண்டுமானாலும் சாப்பிடட்டும்.

உச்சிப்புளிப் பொண்ணு
அடுத்த சம்பள உயர்வு வரட்டும் அண்ணே, ஆக்குகிறேன். அதற்காக ஞாயிற்றுக்கிழமையைத் தர மாட்டேன்.

பாம்பன்காரர்
சரி, போகட்டும். போவதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

உச்சிப்புளிப் பொண்ணு
ஐயா, அரியமானில் வெயில் தாழவே ஐந்து ஆகிவிடும். மணலில் கால் வைக்க முடியாது. ஏழு மணி.

பாம்பன்காரர்
ஆறரை.

சாலைத்தெரு ஜவுளி
என் கடையில்கூட யாரும் இவ்வளவு கெட்டியாகப் பேரம் பேசியதில்லை.

உச்சிப்புளிப் பொண்ணு
விளக்குதான் கவலை என்றால் விளக்கைப் பற்றியே பேசலாம் ஐயா. எங்கள் ரோட்டுக்கு விளக்குப் போடச் சொல்லி ஊராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

பாம்பன்காரர்
நான் பாம்பன் ஊராட்சி. உங்கள் ஊர் மனுவில் என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பெரியப்பாவைப் போடச் சொல்.