பழைய ராக் கிட்டார் மேதைகளை இன்றைய கலைஞர்கள் மிஞ்சிவிட்டார்களா?

ஈசூன் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், இன்றைய கிட்டார் கலைஞர்களான டிம் ஹென்சன், டோசின் அபாசி ஆகியோரின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, 1960களின் ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் வாசிப்பு இப்போது எளிதாகத் தெரிகிறது என்கிறான். எடி வான் ஹேலன் 1978இல் வெளியிட்ட 'இரப்ஷன்' என்ற 1 நிமிடம் 42 விநாடித் தனிவாசிப்பை அவனே ஏறக்குறையப் பிழையின்றி வாசிக்கிறான். சிங்கப்பூரின் பெனின்சுலா கடைத்தொகுதியில் கிட்டார்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஏக்கத்துடன் பார்த்தவன் நான். அவன் சொல்வதை ஏற்க மனம் ஒப்பவில்லை, மறுக்கவும் காரணம் அகப்படவில்லை. அவன் சொல்வது சரியா?

ஆறுதந்தி:
விரல் திறனை மட்டும் கணக்கில் கொண்டால் உங்கள் மகன் சொல்வது சரிதான். அபாசி எட்டுத் தந்திக் கிட்டாரில், தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் கிட்டார் கலைஞர்களைப் போலக் கட்டைவிரலால் அடித்து எழுப்பும் தாளக்கட்டுகள் அன்றைய ராக் இசைக்குப் புதியவை. ஆனால், 'இரப்ஷன்' வாசிப்பை இன்று மெதுவாக ஓட்டிப் பார்த்துப் பழகலாம். 1978இல் இசைத்தட்டைக் கேட்ட பலருக்கோ, வலக்கை விரல்களும் தந்திகளின் மேல் தட்டுகின்றன என்பதே விளங்கவில்லை. ஹென்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' (1967) பாடலை அவன் வாசித்துப் பார்க்கட்டும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைந்து அடிச்சுரத்தைப் பிடித்திருக்க, மற்ற விரல்கள் அந்தப் பிடிக்குள்ளேயே இன்னிசையைப் பின்னிக்கொண்டு போகும். பார்க்க எளிது, கை வைத்தால்தான் அதன் கடினம் தெரியும்.

தேக்கா வீணை:
முதலில் செய்தவர் என்பதாலேயே ஒருவர் உயர்ந்தவராகிவிட மாட்டார் என்பதால், ஆறுதந்தி அவர்களின் வாதம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. வீணை பயில்பவள் என்ற முறையில் என் காது கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்தும் இழுத்தும் இசைக்கும் நயத்தை, தேடுகிறது. பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'கம்ஃபர்டபிளி நம்' (1979) பாடலின் இறுதித் தனிவாசிப்பில் அக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஏறும்போது, வீணையில் தந்தியை இழுத்து வாசிக்கையில் கேட்பதைப் போலவே, இரண்டு சுரங்களுக்கும் இடைப்பட்ட வழியும் சேர்ந்து பாடுகிறது. இந்த நயம் இளையவர்களுக்கு வராது என்று மூத்த ரசிகர்கள் சொல்வதும் தவறு. 1979இல் பிறந்த கிட்டார் கலைஞர் டெரிக் டிரக்ஸ், விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசிக்கையில், சரோத் என்ற இந்துஸ்தானி தந்தி வாத்தியத்தின் மேதை அலி அக்பர் கானை அவர் எவ்வளவு ஆழ்ந்து கேட்டிருக்கிறார் என்பது புலப்படும். அந்த வகையில் முந்தைய ராக் கலைஞர் எவருக்கும் கீழே அவரை வைக்க எனக்கு மனம் வராது.

ஈசூன் தந்தை:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கில்மோரின் அந்தப் பகுதியை மகனை வாசிக்கச் சொன்னேன். சுரங்களை விரைவில் பிடித்துவிட்டான். ஆனால் இழுத்த தந்தி ஒருமுறை சுரத்தை எட்டாமலும், மறுமுறை அதைத் தாண்டியும் நின்றது. அண்டை வீட்டாரை எண்ணி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னபோது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே இழுப்பைத் தொடர்ந்தான். வார இறுதியில் இருவரும் சேர்ந்து டிரக்ஸைக் கேட்கவிருக்கிறோம்.