30 மீட்டர் வாட்ச்சோடு கிணற்றில் குதிக்கலாமா?

நொடிமுள்:
லக்சுரி வாட்ச் வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கோவைக்காரன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. பில், பெட்டி, வாரண்டி கார்டு, சர்வீஸ் செலவு எல்லாம் சரி, ஆனால் கடைசியில், தண்ணீர் புகாத அளவைப் பற்றி, "30 மீட்டர் போட்டிருந்தால் தாராளமாக நீந்தலாம்" என்று ஒரு வரி. இதை நம்பி ஒருத்தர் மூன்று லட்ச ரூபாய் வாட்ச்சைத் தண்ணீரில் விட்டால் யார் பொறுப்பு? நான் விட்டவன். 2019-ல் தங்கச்சி கல்யாணத்துக்காக வாங்கிய சுவிஸ் வாட்ச், பின்மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அதோடு நாலு முறை குதித்தேன். மறுநாள் காலையில் கண்ணாடிக்குள் பனிமூட்டம், 6-க்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், கையைச் சாய்த்தால் அது தேதி ஜன்னலை நோக்கி ஊர்ந்தது. மூவ்மென்ட்டையே, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தையே, மாற்ற வேண்டும் என்று 68 ஆயிரம் கேட்டார்கள்.

கோவைக்காரன்:
பெயரைச் சொல்லி இழுத்த பிறகு சும்மா இருக்க முடியாது. 30 மீட்டர் என்றால் 3 பார் அழுத்தம். உங்கள் கிணறு 30 மீட்டர் ஆழமா? கிரவுனை, அந்தப் பக்கவாட்டுத் திருகை, அழுத்தாமல் குதித்திருப்பீர்கள், பழி மட்டும் எனக்கு.

நொடிமுள்:
கிரவுன் மூடித்தான் இருந்தது. தண்ணீருக்குள் கையை வீசினால் அழுத்தம் பல மடங்கு ஏறும், அதுகூடத் தெரியாமல் ஊருக்கு அறிவுரை.

வாத்தியார்72:
அந்தப் "பல மடங்கு" தப்பு ஐயா. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும் கூடுவது 4,500 பாஸ்கல்தான், அரை மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்துக்கும் குறைவு. 5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர், அப்போது அரை பார், அதாவது 5 மீட்டர் ஆழம் மாதிரி. 30 எங்கே, 5 எங்கே?

கோவைக்காரன்:
கேட்டுக்கொள்ளுங்கள்! வாத்தியாரே சொல்லிவிட்டார்.

நொடிமுள்:
கணக்கு உங்களோடு இருக்கட்டும், தண்ணீர் என் வாட்ச்சுக்குள் இருந்தது. அந்த 30 புது வாட்ச்சுக்குச் சொன்னது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், வெந்நீரும் சோப்பும் வியர்வையும் பட்டுப் பட்டு இறுகிப்போகும், அப்புறம் பின்மூடியில் என்ன பொறித்திருந்தால் என்ன? டைவர் வாட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனித் தரமே இருக்கிறது, குறைந்தது 100 மீட்டர், ஒவ்வொரு வாட்ச்சையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். சாதாரண வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தில் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தால் போதும். உங்கள் கையில் இருப்பது சோதித்த வாட்ச்சா இல்லையா, உங்களுக்கே தெரியாது.

கோவைக்காரன்:
அப்படியானால் குற்றம் கேஸ்கெட் மேல், 30 மேல் இல்லை. நான் எழுதியது 30-ஐப் பற்றி. 1927-லேயே ஒரு பெண் ரோலக்ஸ் ஆய்ஸ்டரைக் கையில் கட்டிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார் தம்பி, கொஞ்சம் படிக்கவும் செய்யணும்.

நொடிமுள்:
கையில் இல்லை, கழுத்தில். வாட்ச்சோடு கடக்கவும் இல்லை. அந்தப் பெண், மெர்சிடிஸ் கிளைட்ஸ், அக்டோபர் 7-ம் தேதி கடந்தபோது வாட்ச்சே கிடையாது. சிலர் சந்தேகப்பட்டதால் 21-ம் தேதி மறுபடி இறங்கினார், வாட்ச் அப்போதுதான் கூடப் போனது, பத்து மணி நேரத்துக்கு மேல் குளிரில் தாக்குப்பிடித்த பிறகு படகில் தூக்கிவிட்டார்கள். அது திருகி மூடும் கிரவுன் உள்ள வாட்ச், நீங்கள் பேசும் 30 மீட்டர் டிரெஸ் வாட்ச், விசேஷத்துக்குக் கட்டுவது, இல்லை. அப்புறம், நான் உங்களுக்குத் தம்பி இல்லை, எனக்கு 51 வயது.

கோவைக்காரன்:
கழுத்தோ கையோ, தண்ணீர் போகவில்லை அல்லவா? வயதைக் காட்டி ஜெயிக்க வேண்டாம். போன தீபாவளிக்கு செகண்ட் ஹேண்ட் திரியில் "பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று சொன்னவர்தானே நீங்கள்?

நொடிமுள்:
நான் சொன்னது பழைய எச்எம்டிக்கு! லட்ச ரூபாய் வாட்ச்சுக்கு இல்லை. பாதி வரியை வெட்டி ஒட்டுவது உங்கள் பழைய வேலை.

பழைய_எச்எம்டி:
எச்எம்டி பேச்சு வந்ததால் சொல்கிறேன். அப்பாவின் எச்எம்டி ஜனதா வாட்ச்சுக்குத் தினமும் காலையில் சாவி கொடுப்பது என் வேலை. குளிக்கப் போகுமுன் கழற்றி மாடத்தில் வைத்துவிடுவார், சாகும்வரை ஒரு நாள் தவறியதில்லை. மூன்று லட்சம் போடத் தெரிந்தவருக்குக் கழற்றி வைக்கத் தெரியாதா?

நொடிமுள்:
கழற்றியிருப்பேன் அண்ணே, 30 மீட்டர் என்று எழுதியதை நம்பினேன். அதைத்தான் நாலு பதிவாகச் சொல்கிறேன். வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேஸ்கெட் எப்போது மாற்றியது, பிரஷர் டெஸ்ட் எப்போது செய்தது என்று கேளுங்கள். பழைய வாட்ச் என்றால் கண்டிப்பாக. 30-ஐப் பார்த்துக் குதிக்காதீர்கள்.

கோவைக்காரன்:
30 என்றால் 30-தான். ஞாயிற்றுக்கிழமை என் வாட்ச்சோடு நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் படம் போடுகிறேன், அப்போது பேசுங்கள்.

நொடிமுள்:
போடுங்கள். ஆனால் ஞாயிறு சாயங்காலம் எடுத்த படம் வேண்டாம், திங்கட்கிழமை காலையில் எடுங்கள். கண்ணாடிக்கு நேராக, 6-க்குப் பக்கத்தில்.